சேர்ந்து நிற்காமலே சேர்ந்து பாடியவர்கள்

ஜோடிப் பாடல் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? சந்தேகமே வேண்டாம், சினிமாதான்! மரத்தைச் சுற்றி ஓடும் கதாநாயகனும் கதாநாயகியும் ஒரு பக்கம். அவர்களுக்காகத் திரைக்குப் பின்னால் பாடிய டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் இன்னொரு பக்கம். ஆடுகிறவர் வேறு, பாடுகிறவர் வேறு என்பது நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மயங்குகிறோம். அந்த மயக்கம் வெறும் பொய் என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போய்விடுவோம், இல்லையா?

இந்த மாதம் கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம், வாருங்கள். அமெரிக்காவின் கறுப்பின மக்கள் 1960களிலும் 70களிலும் வளர்த்தெடுத்த 'சோல்' இசையிலும் ஜோடிப் பாடல்கள் உண்டு. ஒன்றிரண்டு அல்ல, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து முழு எல்.பி. இசைத்தட்டே பாடி வெளியிட்டார்கள். அங்கே மரமும் இல்லை, பூங்காவும் இல்லை, கதாநாயகி முகமும் இல்லை. இரண்டு குரல்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தட்டைக் கேட்டவர்கள், "இவர்கள் இருவரும் உண்மையிலேயே காதலர்கள்!" என்று அடித்துச் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அந்த ஜோடிகளில் முதல் இடம் யாருக்கு என்று கேட்டால், இசை அறிந்தவர்களில் பெரும்பாலோர் மார்வின் கே, டாமி டெரல் என்ற இரண்டு பெயர்களைத்தான் சொல்வார்கள். அவர்கள் காதலர்கள் அல்லர். அதைவிட வியப்பு ஒன்று உண்டு. அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற பாட்டைப் பாடியபோது அவர்கள் ஒரே அறையில்கூட நிற்கவில்லை!

பிறகு எப்படி அந்த நெருக்கம் வந்தது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கோயிலில் பிறந்த இசை

'சோல்' என்றால் ஆன்மா. இந்த இசையின் வேர் கறுப்பின மக்களின் கிறிஸ்தவ தேவாலயங்களில் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் போதகர் ஓர் அடி சொல்வார். கூடியிருப்பவர்கள் அதற்குப் பதிலாக ஓர் அடி சொல்வார்கள். அவர் குரலை உயர்த்தினால் இவர்களும் உயர்த்துவார்கள். நம் தோட்டத்துக் கோயில் பஜனையில் முன்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1950களில் ரே சார்ல்ஸ் போன்ற பாடகர்கள் அந்தத் தேவாலயப் பாணியை எடுத்து, கடவுள் இருந்த இடத்தில் காதலியை வைத்தார்கள். பெரியவர்கள் பலருக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் பிறந்த குழந்தையை யார் தடுக்க முடியும்? சோல் இசை வளர்ந்தது. அழைப்பும் பதிலுமாக இருந்த வழிபாட்டு முறை, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாடும்போது இயல்பாகவே ஜோடிப் பாடலாகிவிட்டது.

கார் பட்டறையும் பாட்டுப் பட்டறையும்

டெட்ராய்ட் நகரம் மோட்டார் கார்களுக்குப் பேர்போனது. அங்கே பெர்ரி கோர்டி என்ற இளைஞர் குத்துச்சண்டை போட்டுப் பார்த்தார். இசைத்தட்டுக் கடை வைத்து நட்டப்பட்டார். கார் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1959ஆம் ஆண்டு ஜனவரியில் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுதான் பின்னாளில் உலகமே அறிந்த 'மோட்டவுன்'. மேற்கு கிராண்ட் சாலையில் 2648ஆம் எண் வீட்டை வாங்கி, அதன் பின்பகுதியை ஒலிப்பதிவுக் கூடமாக்கினார்.

தொழிற்சாலையில் வெறும் இரும்புச் சட்டம் ஒரு முனையில் நுழைந்து, பல கைகள் மாறி, மறுமுனையில் பளபளக்கும் காராக வெளியே வரும். கோர்டி பாட்டையும் அப்படியே செய்தார். எழுதுகிறவர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர், வாசிப்பவர்கள் ஒரு குழு, பாடுபவர் ஒருவர். காலையில் பெரட்டுக்கு நின்று, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து வாங்கிப் போனவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. பாட்டையும் பெரட்டில் நிறுத்தினால் உயிர் போய்விடாதா என்று நீங்கள் கேட்பது நியாயம். சில பாட்டுகளில் போகத்தான் செய்தது. ஆனால் அங்கே பின்னணி வாசித்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். பகலில் அங்கே வாசித்துவிட்டு, இரவில் ஜாஸ் விடுதிகளில் வாசித்த வித்துவான்கள்! பாஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒருவரைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1960களின் நடுப்பகுதியில் மோட்டவுனில் எட்டுத் தடப் பதிவுக் கருவி வந்துவிட்டது. அதாவது, ஓர் அகலமான ஒலிநாடாவில் பக்கம் பக்கமாக எட்டுத் தடங்கள். தோட்டத்தில் நிரை பிடித்துக் கொடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒரு நிரையில் முரசு, ஒரு நிரையில் கிட்டார், ஒரு நிரையில் பெண் குரல். ஒன்றில் வேலை நடக்கும்போது பக்கத்து நிரைக்கு ஒன்றும் ஆகாது. இன்றைக்குப் பெண் பாடிவிட்டுப் போகலாம். ஆண் வேறொரு நாள் வந்து, அவள் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே தன் பங்கைப் பாடலாம். முன்பெல்லாம் ஜோடியாகப் பாட வேண்டுமென்றால் இருவரும் ஒன்றாக வந்து நின்றே ஆக வேண்டும். இனி அந்தக் கட்டாயம் இல்லை.

மூன்றாவது துணை

மார்வின் கே 1939ஆம் ஆண்டு வாஷிங்டனில் பிறந்தவர். தந்தை தேவாலயப் போதகர். கண்டிப்பு என்பதைவிடக் கொடுமை என்று சொல்வதே பொருந்தும். மோட்டவுனில் மார்வின் முதலில் முரசு வாசித்துச் சம்பாதித்தார். மெல்லிய குரலில், நேட் கிங் கோல் பாணியில் பாட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மேடை என்றால் கூச்சம். பார்க்க அழகர், பெண்கள் விரும்பினார்கள். நிறுவனம் சும்மா இருக்குமா? அவருடன் ஒரு பாடகியைச் சேர்த்து விற்கலாம் என்று கணக்குப் போட்டது.

1964இல் மேரி வெல்ஸுடன் 'டுகெதர்' என்ற தட்டு வந்தது. மேரி அப்போது மோட்டவுனின் முதல் பெரிய நட்சத்திரம். தட்டு வந்த ஆண்டே, 21 வயதானதும், அவர் நிறுவனத்தைவிட்டுப் போய்விட்டார். அடுத்து கிம் வெஸ்டன். 1966இல் 'டேக் டூ' என்ற தட்டு; அதில் 'இட் டேக்ஸ் டூ' என்ற பாட்டு நன்றாக ஓடியது. அவரும் 1967இல் விலகினார். இந்த இரண்டு தட்டுகளையும் இன்று கேட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இனிமையாக இருக்கின்றன, மரியாதையாக இருக்கின்றன. விருந்துக்கு வந்த இரண்டு பேர் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கின்றன.

மூன்றாவதாக வந்தவர்தான் டாமி டெரல். 1945ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் பிறந்த அவருடைய இயற்பெயர் தாமசினா மான்ட்கோமரி. பதினாறு வயதைத் தொடும் முன்பே ஒலிப்பதிவுக் கூடம் கண்டவர். 1963இல் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் ஊர் ஊராகப் பாடினார். 1965இல், அவருடைய இருபதாவது பிறந்தநாளன்று, மோட்டவுன் அவரை ஒப்பந்தம் செய்தது. பெயர் நீளமாக இருக்கிறதென்று டெரல் ஆக்கியது. சிரித்த முகம்; துடுக்கான பேச்சு. ஆனால் சொந்த வாழ்வில் அவர் நம்பிய ஆண்கள் அவரை அடித்தார்கள். சிறு வயதிலிருந்தே கடும் தலைவலி வேறு. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. தலைவலிதானே!

பதில் முதலில், கேள்வி பின்னால்

இங்கே இன்னும் இரண்டு பேரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். நிக்கலஸ் ஆஷ்போர்டு, வலெரி சிம்ப்சன். இருவரும் 1964இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஒரு தேவாலயத்தில் சந்தித்தவர்கள். ஆஷ்போர்டு அப்போது தங்க இடம்கூட இல்லாமல் இருந்தவர். அவர் சொல் எழுதுவார். வலெரி பியானோவில் மெட்டமைப்பார். 'எயின்ட் நோ மவுண்டன் ஹை இனஃப்' என்று ஒரு பாட்டுச் செய்தார்கள். உன்னிடம் வந்து சேர எந்த மலையும் எனக்கு உயரமில்லை என்பது அதன் கருத்து. நியூயார்க் வீதியில் நடந்தபோது, உயர்ந்து நிற்கும் கட்டடங்களைப் பார்த்து, இந்த ஊர் என்னை வென்றுவிடாது என்று ஆஷ்போர்டு நினைத்ததில் பிறந்ததாம் அந்த வரி. காதலியை நினைத்து அல்ல, வயிற்றை நினைத்து! டஸ்டி ஸ்பிரிங்பீல்டு என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் பாடகி கேட்டும் கொடுக்காமல், மோட்டவுனுக்குள் நுழைய இதுவே திறவுகோல் என்று பொத்தி வைத்திருந்தார்கள்.

அந்தப் பாட்டு டாமியிடம் வந்தது. தயாரிப்பாளர்கள் ஹார்வி புக்வா, ஜானி பிரிஸ்டல். டாமி சரியாக ஒத்திகை பார்க்கவில்லை, கொஞ்சம் பதற்றம். தனியாக நின்று பாடிவிட்டுப் போனார். மார்வினின் குரலைப் பிறகுதான் சேர்த்தார்கள். 1967 ஏப்ரலில் தட்டு வெளிவந்தது.

இப்போது அந்தப் பாட்டை ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். ஆரம்பிப்பது மார்வின். கூப்பிடுவது போல, கவனத்தைத் திருப்புவது போல அவர் முதலில் பேசுகிறார். டாமி உடனே பதில் கொடுக்கிறார். கேட்கும் நமக்கு, அவர் சொன்னதைக் கேட்டுத்தான் இவர் சிரித்துக்கொண்டே பதில் தருகிறார் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு! அவள் பதில் ஏற்கெனவே நாடாவில் இருந்தது. அந்தப் பதிலுக்குப் பொருந்தும்படி தன் கேள்வியை அமைத்தவர் மார்வின். எங்கே அவள் மூச்சு வாங்குகிறாள், எங்கே குரலைக் கொஞ்சம் ஏற்றுகிறாள், எங்கே பதற்றத்தில் சற்று முந்துகிறாள் என்று காது கொடுத்துக் கேட்டு, அந்த இடைவெளிகளில் தன்னைப் பொருத்தியிருக்கிறார். அவளை மூடவில்லை, முந்தவில்லை. அவள் உச்சிக்குப் போகும்போது இவர் கீழே நின்று தாங்குகிறார்.

ஜோடிப் பாடலில் முக்கியம் பாடுவது அல்ல, கேட்பது என்று எனக்குப் படுகிறது. எதிரில் ஆள் இருக்கும்போது நாம் பாதிதான் கேட்கிறோம். மீதி நேரம் நம் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிறோம். வீட்டில் நடக்கும் பேச்சை நினைத்துப் பாருங்கள், புரியும்! இருட்டறையில் ஒரு குரலை மட்டும் காதில் வைத்துக்கொண்டு நின்ற மார்வினுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அமெரிக்கப் பொது வரிசையில் அந்தப் பாட்டுக்கு 19ஆவது இடம்தான் கிடைத்தது. முதல் பார்வைக்குப் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் ஆகஸ்டில் வந்த 'யுனைட்டட்' என்ற முழுத் தட்டு மக்களைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்த 'யுவர் பிரெஷஸ் லவ்' 5ஆவது இடத்துக்குப் போனது. மார்வினே எழுதிய 'இப் திஸ் வேர்ல்டு வேர் மைன்' என்ற மெதுவான பாட்டும் அதில் இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள். மேடையில் கூச்சப்பட்டவர், டாமி பக்கத்தில் இருந்தால் ஆடவே ஆரம்பித்தார். மார்வின் மணமானவர், மனைவி கோர்டியின் சகோதரி அன்னா. டாமியுடன் இருந்தது நட்பு. ஊர் வேறு மாதிரிதான் பேசியது. ஊருக்கு வேறென்ன வேலை?

மேடையில் விழுந்தது

1967 அக்டோபர் 14. வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் சிட்னி கல்லூரியில் கச்சேரி. பாடிக்கொண்டிருந்தபோதே டாமி மார்வினின் கைகளில் சாய்ந்தார். முதலில் களைப்பு என்று நினைத்தார்கள். மருத்துவர்கள் மூளையில் கட்டி என்றார்கள். அப்போது அவருக்கு வயது 22. அடுத்த ஜனவரியில் அறுவை சிகிச்சை. அதன் பிறகும் ஒன்றன்பின் ஒன்றாக, மொத்தம் எட்டுத் தடவை.

முதல் சிகிச்சை முடிந்து கொஞ்சம் தேறியதும் டாமி மறுபடி டெட்ராய்ட் கூடத்துக்கு வந்தார். வந்து பாடிய பாட்டு 'யூ ஆர் ஆல் ஐ நீட் டு கெட் பை'. வாழ்க்கையைத் தாண்டிப் போக நீ ஒருவர் போதும் என்பது பொருள். இதற்கும் எழுத்து ஆஷ்போர்டும் சிம்ப்சனும்தான். இப்போது தயாரிப்பும் அவர்களே. கறுப்பின இசை வரிசையில் முதல் இடத்தைப் பிடித்தது. கேட்பவர்கள் அதைக் காதல் பாட்டாகக் கேட்டார்கள். தலையில் ஆறாத காயத்தோடு ஒரு பெண் பாடிய பாட்டு என்று தெரிந்த பிறகு கேட்டுப் பாருங்கள். அதன் தாளம் வேறு மாதிரி ஒலிக்கும்: அவசரமில்லை, ஒவ்வோர் அடியாகக் காலை ஊன்றி நடப்பது போல. 1968 ஆகஸ்டில் வந்த அந்த இரண்டாவது தட்டின் பெயர் 'யூ ஆர் ஆல் ஐ நீட்'. ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டாமியால் அதிகம் பாட முடியாததால், அவர் முன்பு தனியாகப் பாடி வைத்திருந்த சில பழைய பாட்டுகளை எடுத்து, மேலே மார்வின் குரலை ஏற்றித் தட்டை நிரப்பினார்கள். கூர்ந்து கேட்டால் எது எது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது தட்டு 'ஈஸி'. 1969 செப்டம்பரில் வந்தது. அந்தத் தட்டைப் பற்றித்தான் இன்றுவரை தகராறு.

டாமியின் உடல்நிலை அப்போது மிகவும் மோசமாகிவிட்டது. தட்டு முழுவதும் கேட்கும் பெண் குரல் அவருடையது அல்ல, வலெரி சிம்ப்சனுடையது என்று மார்வின் பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் சொன்னார். டாமியின் குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேரட்டும் என்பதற்காகவே தான் அதற்கு இணங்கியதாகவும் சொன்னார். வலெரி சிம்ப்சன் அதை மறுத்தார். தான் பாடியது வழிகாட்டும் குரல் மட்டுமே. அதைக் கேட்டுக் கேட்டு டாமி வரி வரியாகப் பாடினார் என்பது அவர் சொல். இரண்டு பேருமே பொய் சொல்லக் காரணம் இல்லாதவர்கள்.

இதைக் கேட்டதும் பலர், "அப்படியானால் எல்லாமே ஏமாற்று!" என்று கோபப்பட்டிருக்கிறார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. விற்றது டாமியின் பெயரை. அட்டையில் இருந்தது டாமியின் முகம். நோயாளிப் பெண்ணை வைத்து ஒரு நிறுவனம் காசு பார்த்தது என்ற குற்றச்சாட்டை எளிதில் துடைக்க முடியாது. ஆனால் பாட்டுக்குள் நடந்ததைத் தனியாகப் பார்க்க வேண்டும். டாமி பாடிய சிறந்த பாட்டுகளை உருவாக்கியவர் வலெரி. டாமியின் மூச்சு எங்கே நிற்கும் என்று அறிந்தவர். மார்வின் டாமியைக் கேட்டது போலவே வலெரியும் இரண்டு ஆண்டுகள் கேட்டிருக்கிறார். படுக்கையில் கிடக்கும் தோழிக்குச் சோறு ஊட்டுவது போல அவளுக்காக ஒரு வரியைப் பாடிக் காட்டுவதை, அல்லது பாடியே கொடுப்பதை, ஏமாற்று என்ற ஒரே சொல்லில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. கணக்குப் புத்தகம் வேறு. அந்த ஒலிபெருக்கி முன்னால் நடந்தது வேறு.

டாமி 1970 மார்ச் 16ஆம் நாள் காலமானார். இருபத்தைந்து வயது முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. இறுதிச் சடங்கில் 'யூ ஆர் ஆல் ஐ நீட் டு கெட் பை' ஒலிக்க, மார்வின் அஞ்சலி சொன்னார். பிறகு அவர் நெடுநாள் மேடை ஏறவில்லை. 1971இல் அவர் வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' உலகப் புகழ் பெற்றது. அந்தத் தட்டின் சோகத்தில் டாமிக்கும் பங்குண்டு என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். 1984 ஏப்ரல் முதல் நாள், 45ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், பெற்ற தந்தையின் துப்பாக்கிக் குண்டுக்கே மார்வின் பலியானார்.

இடையில் 1973இல், டயானா ராஸுடன் 'டயானா அண்ட் மார்வின்' என்ற தட்டு வந்தது. அதுவும் பெரும்பகுதி தனித்தனியாகத்தான் பதிவானது. அதே கருவி, அதே முறை, இன்னும் பெரிய பெயர்கள். ஆனால் அதில் இரண்டு நட்சத்திரங்கள் தெரிகிறார்கள், ஜோடி தெரியவில்லை. இது என் கருத்து. உங்களுக்கு வேறு மாதிரி பட்டால் சண்டைக்கு வரமாட்டேன்.

சண்டை போடும் ஜோடியும் சாய்ந்துகொள்ளும் ஜோடியும்

மோட்டவுனுக்குப் போட்டியாக மெம்பிஸ் நகரில் 'ஸ்டாக்ஸ்' நிறுவனம் இருந்தது. பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார்கள். தரை சரிந்தே இருக்கும். அங்கிருந்து 1967 மார்ச்சில் ஓடிஸ் ரெடிங்கும் கார்லா தாமஸும் பாடிய 'கிங் அண்ட் குயீன்' வந்தது. ராஜா, ராணி! ஓடிஸ் ஜார்ஜியா மாநிலத்துக் கிராமத்தான். கார்லா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். அந்த வித்தியாசத்தையே பாட்டாக்கினார்கள். 'டிராம்ப்' என்ற பாட்டில் கார்லா அவருடைய உடையையும் பட்டிக்காட்டுத்தனத்தையும் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்கிறார். இவரோ கொஞ்சமும் வெட்கப்படாமல் மார் தட்டுகிறார். நம் கூத்து மேடையில் ராஜாவை அதட்டும் பெண் வேடத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகாது. ஓடிஸ் உயிரோடு இருந்தபோது வெளிவந்த கடைசி ஸ்டுடியோ எல்.பி. அதுதான். அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் விமான விபத்தில், 26 வயதில், அவர் இறந்தார்.

ரொபர்ட்டா பிளாக், டோனி ஹாத்தவே ஜோடி இதற்கு நேர் எதிர். இருவரும் வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர்கள், பியானோவில் தேர்ந்தவர்கள். ரொபர்ட்டா பதினைந்து வயதிலேயே அங்கே நுழைந்தவர். பிறகு பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். டோனி மூன்று வயதிலேயே பாட்டியோடு தேவாலயங்களில் பாடியவர். 1972இல் இருவர் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு தட்டு வந்தது. அதில் 'வேர் இஸ் தி லவ்' என்ற பாட்டு கிராமி விருது வாங்கியது. காதல் எங்கே போயிற்று என்று கேட்கும் பாட்டு அது. ஆனால் கோபமே இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்து வாசலில் உட்கார்ந்து பேசுகிற குரல்கள். அதே தட்டில் ஒரு பழைய தேவாலயத் துதியையும் வைத்தார்கள். காதல் பாட்டுகளுக்கு நடுவில் துதியா என்று திகைக்க வேண்டாம். இந்த இசை எங்கிருந்து வந்தது என்று மேலே பார்த்தோமே!

டோனியை மனநோய் வாட்டியது. ரொபர்ட்டா விடாமல் அவரைக் கூப்பிட்டுப் பாட வைத்தார். இரண்டாவது தட்டுக்கு வேலை தொடங்கியிருந்த நிலையில், 1979 ஜனவரி 13ஆம் நாள், நியூயார்க் ஓட்டல் ஒன்றின் 15ஆவது மாடியிலிருந்து விழுந்து டோனி இறந்தார். வயது 33. முடிந்திருந்த இரண்டு ஜோடிப் பாடல்களோடு 1980இல் அந்தத் தட்டை ரொபர்ட்டா வெளியிட்டார். அவரும் 2025 பிப்ரவரியில், 88 வயதில், மறைந்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தக் குரல்கள் தெரியும், ஆனால் பெயர் தெரியாது. 2014இல் வந்த 'கார்டியன்ஸ் ஆப் தி கேலக்சி' என்ற விண்வெளிப் படத்தைப் பார்த்திருப்பார்கள் அல்லவா? அதில் கதாநாயகன் பொத்தி வைத்திருக்கும் ஒலிநாடாவில் மார்வினும் டாமியும் மலை பற்றிப் பாடுவார்கள். மெதட் மேனும் மேரி ஜே. பிளைஜும் 1995இல் 'யூ ஆர் ஆல் ஐ நீட்' பாட்டை எடுத்து ராப் ஆக்கி கிராமி வாங்கினார்கள். ஆஷ்போர்டும் சிம்ப்சனும் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். 1974இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். தாங்களே ஜோடியாகப் பாடி, 1984இல் 'சாலிட்' என்ற பாட்டால் உலகம் சுற்றினார்கள். 2011இல் ஆஷ்போர்டு இறக்கும்வரை சேர்ந்தே இருந்தார்கள். டாமியும் மார்வினும் காதலர்கள் என்று ஊர் நம்பியதே, அந்தக் காதல் யாருடையது என்று இப்போது தெரிகிறதா?

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மார்வின், டாமி பாடிய மூன்று தட்டுகளும் சேர்ந்து 'தி கம்ப்ளீட் டூயட்ஸ்' என்ற பெயரில் 2001இல் வந்தன. பிள்ளைகளிடம் சொன்னால் கைப்பேசியிலேயே தேடித் தருவார்கள். 'யுனைட்டட்' தட்டை முதலில் முழுதாகக் கேளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள். டாமியின் குரல் காதில் நன்றாகப் பதியட்டும். 'யூ ஆர் ஆல் ஐ நீட் டு கெட் பை' பாட்டை மறுநாள் கேளுங்கள். கடைசியாக, வீட்டில் அரவம் அடங்கிய பிறகு, 'ஈஸி' தட்டில் உள்ள 'தி ஆனியன் சாங்' என்ற வெங்காயப் பாட்டைப் போடுங்கள். இங்கிலாந்தில் முதல் பத்துக்குள் வந்த பாட்டு அது. விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பெண் மூச்சு வாங்கும் இடத்தை மட்டும் கவனியுங்கள். டாமியா, வலெரியா? உங்கள் காது என்ன சொல்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.